முத்துமாரி போட்ட டிக்

முத்துமாரியின் மேஜைக்குப் போன மருத்துவ பில் ஒரே தடவையில் பாஸானதாகச் சரித்திரமே கிடையாது. அமைச்சகத்தின் அந்த நாலாவது மாடி முழுக்க இதுதான் பேச்சு. ஆபரேஷன் செய்துகொண்டு, தையல் பிரித்து, தடியூன்றி வருகிற ஓய்வுபெற்ற அதிகாரிகள்கூட அவள் மேஜைக்கு முன்னால் வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஃபாரத்தின் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் விரலை ஓட்டுவாள். எங்கேயாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் போச்சு. "இல்லைன்னா இல்லைன்னு எழுதுங்க சார். சும்மா விட்டா எப்படி?" என்பதைச் சாத்தூர் வாடை வீசும் இந்தியில் சொல்லி, ஒரு சீட்டைக் குத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஃபாரக்கார அம்மா என்கிற அர்த்தத்தில் ஃபார்ம்வாலி மேடம் என்று அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அது அவள் காதுக்கும் வந்தது. அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்திரண்டு வயதில் தேர்வெழுதித் தேறி, ஒற்றைப் பெட்டியோடு தில்லிக்கு வந்து இறங்கி, கரோல் பாக்கில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கி வேலையில் சேர்ந்தபோது, அவளும் ஒரு ஃபாரம் நிரப்பினாள். அதில் 'முந்தைய முகவரி' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாள். யாரோ ஒரு குமாஸ்தா தன் ஊகத்தில் அதை நிரப்ப, போலீஸ் விசாரணைக் கடிதம் வேறெந்த ஊருக்கோ போய்ச் சேர, அங்கே இருந்தவர்கள் 'இப்படி ஒருத்தி இங்கே கிடையாது' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் அவள் வேலை நூலில் தொங்கியது. இன்றைக்கு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், நாளைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தினம் தினம் பயந்துகொண்டிருந்தாள். அந்தப் பயம் உடம்பில் ஊறிப்போய்விட்டது.

இப்படிப்பட்ட மனுஷி ஒரு ஃபாரத்தில் தெரிந்தே பொய் டிக் போட்டாள் என்றால் நம்புவீர்களா? போட்டாள். அதுவும் பெற்ற மகளின் ஃபாரத்தில்.

மகள் பெயர் ஸ்நேஹா. பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஏழாவது மாடியில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். கடலை வாழ்க்கையில் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு தடவை திருச்செந்தூரில் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுததுதான் அவளுக்கு ஞாபகம். அப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் பவளப்பாறைப் பைத்தியம் பிடித்தது.

பள்ளிக்கூடத்து உயிரியல் டீச்சர் ஒரு சுற்றறிக்கையைக் காட்டினாராம். அந்தமான் பக்கம் ஒரு தீவு. கடல் சூடேறி அங்கே பவளப்பாறைகள் வெளுத்துச் செத்துக்கொண்டிருக்கின்றன. உயிரோடு மிச்சமிருக்கிற உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, இரும்புச் சட்டத்தில் கட்டி, கடலடியில் நட்டு, எவ்வளவு வளர்கிறது என்று அளந்து எழுதி வருகிறது ஒரு கடல் ஆராய்ச்சிக் குழு. கடலே இல்லாத ஊரில் வளர்கிற பிள்ளைகளாகப் பார்த்துப் பத்துப் பேரைப் பொறுக்கி, முக்குளிக்கக் கற்றுக்கொடுத்து, இந்த வேலைக்கு அழைத்துப் போகப் போகிறார்கள். ஸ்நேஹா கட்டுரை எழுதினாள், நேர்காணலுக்குப் போனாள், பத்தில் ஒருத்தியாக வந்து நின்றாள். முத்துமாரிக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தாள். அன்றைக்கு மட்டும் இரண்டு பில் ஒரே தடவையில் பாஸானதாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை.

ஏப்ரலில் தொடங்கி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி. தில்லியில் கடலுக்கு எங்கே போவது? நாலு மீட்டர் ஆழமுள்ள ஒரு நீச்சல் குளம்தான் கடல். பிள்ளைகள் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, தரையைத் தொடாமல் அந்தரத்தில் அசையாமல் நிற்கப் பழகினார்கள். பவளத்துக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைக் கம்பிச் சட்டத்தில் கட்டினார்கள். தண்ணீருக்கடியில் பலகையில் பென்சிலால் எழுதினார்கள். கற்றுக்கொடுத்தது மது என்கிற சென்னைப் பெண். முப்பது வயது இருக்கும். மேலே வந்தால் ஊரே கேட்கிற மாதிரிச் சிரிப்பாள். யாராவது கவனக் குறைவாக இருந்தால் அந்தச் சிரிப்பு எங்கே போகுமோ தெரியாது.

தண்ணீருக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது, ஆளுக்கொரு ஜோடி வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஸ்நேஹாவுக்கு வாய்த்த ஜோடி ப்ரணவ். துவாரகாவிலிருந்து வருகிற ஒல்லிப் பையன். அவன் அம்மா பட்டு, முத்துமாரியோடு கேலரியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பாள். "உங்க பொண்ணு கூட இருக்கா, நேக்குக் கவலையே இல்ல. அவ கெட்டிக்காரி. இவன்தான் அசமஞ்சம்" என்பாள். முத்துமாரிக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அக்டோபரில், கடலில் இறங்குவதற்கு முன்னால் நிரப்ப வேண்டிய அந்த ஃபாரம் வந்தது. ஏழு பக்கம். காதில் சீழ் உண்டா, வலிப்பு உண்டா, இதயக் கோளாறு உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் ஒரு கேள்வி: கடந்த ஒரு வருடத்தில் இளைப்போ மூச்சுத்திணறலோ வந்ததா? இன்ஹேலரோ நெபுலைசரோ பயன்படுத்தியதுண்டா? 'ஆம்' என்றால் நுரையீரல் மருத்துவர் சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும். அதுவரை தண்ணீரில் இறங்க முடியாது. ஃபாரம் கொடுக்கக் கடைசி நாள் மறுநாள்.

தில்லியில் நெபுலைசர் இல்லாத வீடு உண்டா, நீங்களே சொல்லுங்கள். தீபாவளி முடிந்து புகை இறங்கினால் வீட்டுக்கு வீடு அந்த மிஷின் பரண்மேலிருந்து இறங்கும். மிக்ஸி மாதிரி அதுவும் ஒரு சாமான். போன நவம்பரில் ஸ்நேஹாவுக்கு ஆறு நாள் வைத்தார்கள். ஜனவரியில் மூன்று நாள். பக்கத்து வீட்டில் அதைவிட அதிகம்.

ஸ்நேஹா நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, லாஸ்ட் நவம்பர்ல நெபுலைசர் வச்சோம்ல?"

"அது தில்லிக்கு வந்த சீக்குடி. ஒனக்கா வந்துச்சு? மே மாசம் ஊருக்குப் போனோமே, ஒரு தும்மலாச்சும் போட்டியா?"

"நஹீ... ஆனா கேட்ருக்காங்களே."

"டிஸ்பென்சரி டாக்டர் எப்பவாச்சும் ஒஞ் சீட்டுல ஆஸ்துமான்னு எழுதிருக்காங்களா? எழுதல. பொல்யூஷன் அலர்ஜின்னுதான எழுதிருக்கு? பேப்பர்ல இல்லாத சீக்க நம்மளா போயி எழுதுறதா? அங்கிட்டுப் பொகையா இருக்கு? சுத்தமான கடக்காத்து. நெஞ்சு நல்லா விரியும்."

முத்துமாரியின் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே ஒரு கணம் நின்றது. மற்றவர்கள் ஃபாரத்தில் இப்படியொரு டிக்கைப் பார்த்திருந்தால், "ஆதாரம் எங்கே?" என்று கேட்டிருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது. ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. 'இல்லை' என்பதில் டிக் போட்டாள். கீழே கையெழுத்தும் போட்டாள்.

நவம்பர் இரண்டாம் வாரம் கிளம்பினார்கள். அந்த வாரம் தில்லி தில்லியாகவே இல்லை. புகையில் எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்நேஹா இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தாள். ஏர்போர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், காலை ஐந்தரை மணிக்கு, முத்துமாரியே மிஷினை எடுத்து மாட்டிப் பத்து நிமிஷம் வைத்தாள். "இனிமே இது தேவைப்படாது, பாரு" என்று சொல்லி முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் கணவன் சதாசிவம் ஏர்போர்ட்டில் கார்கோ பிரிவில் வேலை பார்க்கிறவன். பிள்ளைகளைச் செக்யூரிட்டி வரை கொண்டுவிட்டுக் கையசைத்துவிட்டு அப்படியே ட்யூட்டிக்குப் போனான்.

தீவில் நெட்வொர்க் சரியாகக் கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்கு, தங்குகிற இடத்து வைஃபையில் ஸ்நேஹா கூப்பிடுவாள். முதல் நாள், "இருமலே இல்லம்மா!" என்றாள். முத்துமாரிக்கு மார்பு பூரித்தது. இரண்டாம் நாள், பதினெட்டுத் துண்டு கட்டியாயிற்று என்றாள். மூன்றாம் நாள், ப்ரணவ் ஓர் ஆமையைப் பார்த்து அளவெடுக்க மறந்துவிட்டான், மது அக்கா திட்டித் தீர்த்துவிட்டாள் என்று சொல்லிச் சிரித்தாள். முத்துமாரி அதையெல்லாம் மறுநாள் அலுவலகத்தில் அப்படியே ஒப்பித்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் சதாசிவத்தின் பிரஷர் மாத்திரை வாங்க டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கே இருக்கிற லேடி டாக்டர் நல்ல மாதிரி. வீட்டு நலம் விசாரிப்பார். "மகள் எங்கே? இந்த சீசனில் வாராவாரம் வருவாளே, காணோம்?" என்று இந்தியில் கேட்டார். முத்துமாரி பெருமை பொங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "முக்குளிக்கிறாளா? உருளை கட்டிக்கொண்டா? இளைப்பு வருவதை அவர்களிடம் சொன்னீர்களா?"

"அது... பொல்யூஷனுக்கு வர்றதுதானே, டாக்டர்சாப்?"

"எதனால் வந்தால் என்ன? குழாய் சுருங்குகிறதா இல்லையா?" டாக்டர் ஒரு பேனா மூடியை எடுத்து, அதன் வாயை விரலால் அடைத்துக் காட்டினார். ஆழத்தில் இழுக்கிற காற்று, மேலே வர வர விரியும். வெளியே விட வழி இருந்தால் சரி. சளி அடைத்தோ சுருங்கியோ ஒரு மூலையில் அது மாட்டிக்கொண்டால், விரிந்து விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். "எல்லோருக்கும் ஆகும் என்று சொல்லவில்லை. சோதித்துப் பார்த்து அனுமதிக்கிறவர்களும் உண்டு. ஆனால் சோதிக்காமல், சொல்லாமல் அனுப்பக் கூடாது. ஜல்தி அவர்களிடம் பேசுங்கள்."

முத்துமாரி மாத்திரைப் பையைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் புகை. முகமூடிக்குள் தன் மூச்சுச் சத்தமே தனக்குக் கேட்டது. நாலு நாளாகக் குழந்தை இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறாளே, கடவுளே, நாலு நாள்!

ஏழு மணிக்கு ஃபோன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏன்டி, மூச்சு எப்டி இருக்கு?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்மா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். நெஞ்சுல இறுக்கமா இருக்கா? ராத்திரி இருமுறியா?"

"இல்லம்மா! டென்ஷன் ஆகாத. நாளைக்குப் பெரிய ஃப்ரேம் வைக்கிறாங்க, பன்னெண்டு மீட்டர்ல. போட் எட்டரைக்குக் கெளம்புது. அச்சா, சாப்பிடக் கூப்பிடுறாங்க, வைக்கவா?"

சொல்லிவிடு, மதுவிடம் ஃபோனைக் கொடு என்று சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். வாய் வரவில்லை. சொன்னால் நாளையிலிருந்து குழந்தை கரையில் உட்கார வேண்டியதுதான். ஏழு மாத உழைப்பு வீணாகி, அத்தனை பேருக்கு முன்னால், 'ஒங்கம்மா பொய் எழுதிட்டா' என்ற பேச்சோடு. "சரிடி, பாத்துப் போ" என்றாள். அவ்வளவுதான் வந்தது. ஃபோன் வைத்த சத்தம் கேட்டதும்தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

சதாசிவத்திடம் சொன்னாள். அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "குளத்துல ஏழு மாசம் எறங்குனாளே, ஒண்ணும் ஆகலையே? நாலு நாளா நல்லாத்தான இருக்கா? இன்னும் மூணே நாளுதான். டாக்டருங்க பயங்காட்டத்தான் செய்வாங்க. பிள்ளையோட ஆசையக் கெடுத்துறாத, மாரி."

"ஒனக்கு என்ன, டிக் போட்டவ நானு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவன் வெளியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான்.

விடிந்ததும் மதுவின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஆறு மணிக்கு, ஆறேகாலுக்கு, ஆறரைக்கு, ஏழுக்கு. ஸ்நேஹாவின் எண்ணும் அதே பாட்டு. நேற்று சாயங்காலம் கையில் இருந்த ஃபோனை வைத்துவிட்டு, இன்றைக்கு ஆகாயத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறாள். எட்டரை ஆயிற்று. படகு கிளம்பியிருக்கும். மெட்ரோவில் ஒருத்தன் இடித்துவிட்டு "ஸாரி, மேடம்ஜி" என்றான். அவன் சட்டையைப் பிடித்து அழலாம் போலிருந்தது.

அலுவலகத்தில் ஒரே ஃபைலை முக்கால் மணி நேரமாகத் திறந்து வைத்திருந்தாள். அதில் மூன்று கட்டங்கள் காலி. அவளுக்குத் தெரியவேயில்லை. செக்‌ஷன் ஆபீசர் ராமசுப்ரமணியன் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். கும்பகோணத்துக்காரர், ஓய்வுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? மூஞ்சியே நன்னால்லையே."

"சார், நான் ஒரு தப்பான டிக்ளரேஷன் குடுத்துட்டேன்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தையை அவர் கேட்டதில்லை. "எந்த ஃபைல்ல?"

"எம் மக ஃபைல்ல சார்." அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். பக்கத்து மேஜைக்காரர்கள் இந்தியில் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

ராமசுப்ரமணியன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த ஃபாரத்தோட காப்பி இருக்கா? இருக்கும், நீ வச்சிண்டிருப்ப. கடைசிப் பக்கத்தைப் பாரு. ஆபீஸ் நம்பர்னு ஒண்ணு போட்டிருப்பா. அங்க பேசு. திருத்தம் எழுதி மெயில்ல அனுப்பு. இப்பவே. அழறதை அப்பறம் அழுதுக்கலாம்."

இருந்தது. முத்துமாரி எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தாள். 'என் மகளுக்கு இளைப்பு வரும், போன குளிர்காலத்தில் ஒன்பது நாள் நெபுலைசர் வைத்தோம், போன வாரமும் வைத்தோம், நான் ஃபாரத்தில் மறைத்துவிட்டேன், அவளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்' என்று ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பெண் பதறவில்லை. போட்டுக்குத் தகவல் போக வயர்லெஸ் உண்டு, தங்குமிடம் வழியாக முயற்சி செய்கிறேன், நீங்கள் எழுத்திலும் அனுப்புங்கள் என்றாள். முத்துமாரி மெயில் எழுதினாள். வாழ்க்கையில் முதல் முறையாக எழுத்துப் பிழைகளோடு ஒரு கடிதம் அவள் கையிலிருந்து போயிற்று.

மணி பத்தேகால். இறங்கியிருப்பார்களா? பத்தரை. பன்னிரண்டு மீட்டர் என்றால் எத்தனை ஆள் உயரம்? ஏழு ஆள். தலைக்கு மேலே ஏழு ஆள் தண்ணீர். பதினொன்று. மறுபடி ஆபீஸ் நம்பருக்குப் பேசினாள். தகவல் தங்குமிடத்துக்குப் போய்விட்டது, போட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. சதாசிவம் மூன்று தடவை கூப்பிட்டான். லைனை அடைக்காதே என்று அவன்மேல் எரிந்து விழுந்தாள். மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்த சாமியெல்லாம் வந்து போயிற்று. இருக்கன்குடித் தாயே, எம் பிள்ளைய மேல கொண்டாந்து சேத்துரு, அவ எம்மேல கோவப்பட்டா படட்டும், காலம் பூரா பேசாட்டியும் போகுது என்று வாய் முணுமுணுத்துக்கொண்டேயிருந்தது.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஃபோன் அடித்தது. மது.

"ஆன்ட்டி, மொதல்ல இதக் கேளுங்க. ஸ்நேஹா நல்லா இருக்கா. பக்கத்துலதான் நிக்கிறா. இப்பதான் கரைக்கு வந்தோம்."

முத்துமாரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. அவ இந்த அஞ்சு நாளும் தண்ணியில எறங்கவே இல்ல."

"எறங்கலையா?"

"மொத நாளே வந்து எங்கிட்ட சொல்லிட்டா. நெபுலைசர் விஷயம். போட்டுலயே உக்கார வச்சுட்டேன். பவளத்துண்ட வெயில் படாம தொட்டியில வச்சுப் பாத்துக்கறது, கீழ இருந்து வர்ற அளவெல்லாம் பதியறது, எல்லாம் அவதான். நல்லாவே செஞ்சா." மது மூச்சு விட்டாள். "ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்கு ஆன்ட்டி. நீங்க எழுதுனத நம்பித்தான் அவளக் கடல்ல எறக்க இருந்தேன். ஏதாவது ஆயிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது? ஒங்ககிட்ட அன்னைக்கே பேசணும்னேன். அவதான், 'அம்மாகிட்ட நானே சொல்றேன், ஊருக்கு வந்து சொல்றேன்'னு கெஞ்சினா. அதுக்கு ஒத்துக்கிட்டது என் தப்பு. பேசுங்க, குடுக்கறேன்."

"அம்மா" என்றது ஸ்நேஹாவின் குரல். காற்றின் இரைச்சல் கேட்டது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? ராத்திரியிலருந்து செத்துச் செத்துப் பொழைக்கிறேன்டி நானு."

"நீ போட்ட டிக்காலதான்னு நீ அழுவ. அதான் சொல்லல. பசங்க சொல்றதெல்லாம் கேட்டு, நான் பாத்த மாதிரி சொன்னேன். ஸாரிம்மா."

"நீ ஏன்டி ஸாரி சொல்ற?" முத்துமாரி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எறங்கணும்னுதான ஏழு மாசம் தவங்கெடந்த. நான்தான் இல்லைன்னு எழுதிட்டேனே. யாரும் ஒன்னையக் கேக்கப் போறதில்லையே."

"நான் எறங்கத்தாம்மா போனேன். ஸச்சி, நெஜமாத்தான். உருளையெல்லாம் மாட்டியாச்சு. எறங்குறதுக்கு முன்னாடி ஜோடி ஜோடியா செக் பண்ணணும்ல? ப்ரணவ் என்னைய செக் பண்ணான். ஒடம்பு ஓகேயான்னு கேட்டான். ஓகேன்னு சொல்லிட்டேன். ஈஸியா வந்துருச்சும்மா, பொய். அப்புறம் அவன் தன்னோட எக்ஸ்ட்ரா மூச்சுக் குழாயத் தொட்டுக் காட்டினான். ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இத எடுத்து வாயில வச்சுக்கோ, நான் ஒன்ன விட்டுட்டு மேல போக மாட்டேன்னான். ரூல் அது, எல்லாரும் சொல்றதுதான். ஆனா அவன் நெஜமாவே போக மாட்டாம்மா. எனக்கு மூச்சு முட்டுனா அவனும் அங்கேயே நிப்பான். அவன் காத்தும் தீந்துரும். அவங்கம்மா நமக்கு இட்லி குடுப்பாங்களே... என்னால முடியலம்மா. கழட்டிட்டேன்."

நேற்று சாயங்காலத்திலிருந்து இந்த நிமிஷம் வரை எத்தனை சாமியைக் கூப்பிட்டிருப்பாள். எத்தனை தடவை எம் பிள்ளை, எம் பிள்ளை என்று சொல்லியிருப்பாள். இன்னொருத்தி பிள்ளையும் அதே டிக்கை நம்பி அதே தண்ணீருக்குள் இறங்க இருந்தான் என்பது ஒரு தடவைகூட முத்துமாரிக்குத் தோன்றவில்லை. முப்பது ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பட்டு கொடுத்ததை வாங்கித் தின்றிருக்கிறாள். உங்க பொண்ணு கூட இருக்கா, நேக்குக் கவலையே இல்ல. வெட்கம் பிடுங்கித் தின்றது. படியில் ஏறி வந்த யாரோ ஒரு பென்ஷன்காரர் அவள் அழுவதைப் பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்டி. சொல்லு."

"தில்லிக்கு வந்ததும் செஸ்ட் டாக்டர்கிட்ட போகணுமாம். ஊதிப் பாக்குற டெஸ்ட் எடுக்கணும். அவங்க சரின்னு எழுதுனா மார்ச்சுல அடுத்த பேட்ச்சோட மது அக்கா கூட்டிட்டு வருவாங்களாம். கூடாதுன்னு எழுதுனா, கூடாதுதான். அப்பவும் போட்டு வேலைக்கு வரலாமாம்."

"போவோம். நான் லீவு போடுறேன். எத்தன டாக்டர்னாலும் போவோம். அந்த ஃபாரத்த இப்பவே அனுப்பச் சொல்லு, நீ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எழுதி வச்சுர்றேன்."

 

"வேணாம்மா" என்றாள் ஸ்நேஹா. கோபமாகச் சொல்லவில்லை. தில்லியில் அவளிடம் கேட்டிராத நிதானத்தோடு சொன்னாள். "இந்தத் தடவ ஃபாரத்த நான் எழுதுறேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

முத்துமாரி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். 

"சரிடி" என்றாள்.